வயலில் கிடைத்தது தீட்டுக்கல்தானா?

கேள்வி இதுதான். செங்கம் பக்கத்தில் வயலுக்குக் குழாய் பதிக்க ஜேசிபி வைத்துத் தோண்டியபோது, இடுப்பளவு ஆழத்திலிருந்து ஒரு கல் வந்திருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம், மூன்று விரல் அகலம். ஒரு முனை முறிந்திருக்கிறது. இரண்டு பக்கம் வழவழப்பு, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கம், ஓர் ஓரத்தில் நான்கைந்து மெல்லிய கோடுகள். அதே மண்ணில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள். ஊர்ப் பெரியவர் பழைய சாணைக்கல் என்கிறார். சித்தப்பாவோ ஐயாயிரம் வருஷத்துக் கற்கோடரி என்கிறார். யார் சொல்வது சரி, எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

படங்களைப் பார்த்த அளவில் பெரியவர் பக்கம்தான் நான். அது இரும்பைத் தீட்டிய கல். ஆனால் நான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாமல், உங்கள் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்று. கல்லை இதற்குமேல் கழுவாதீர்கள். பல வருஷங்களுக்கு முன் இதே போன்ற ஒரு கல் என் கைக்கு வந்தது. மண் போகட்டும் என்று புளி போட்டு, தேங்காய் நார் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். பளிச்சென்று ஆனது. தேய்ந்த முகத்தின் நுண்குழிகளில் படிந்திருந்த செம்பழுப்புக் கறையும் சேர்ந்து போனது. மண்ணிலிருந்து ஏறிய கறையா, இரும்புத்தூள் துருப்பிடித்த கறையா என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி நானே செய்துவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். காய்ந்த மண்ணை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

இனி கல்லுக்கு வருவோம். தீட்டுவது என்று வந்தால் மண்ணில் கிடைப்பவை மூன்று வகை: தீட்டப்பட்ட கல், அந்தக் கல்லைத் தீட்டிய பாறை, இரும்பைத் தீட்டிய கல். சித்தப்பா சொல்வது முதல் வகை.

புதிய கற்காலக் கற்கோடரி உங்கள் பக்கத்து மலைகளுக்குப் புதிதில்லை. சவ்வாது மலையிலும் சேர்வராயன் மலையிலும் உழும்போது கிடைத்த கற்கோடரிகளை மரத்தடியிலும் பிள்ளையார் கோயில்களிலும் குவித்து வைத்து, எண்ணெய் பூசிக் கும்பிடுகிறார்கள். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது அந்த மக்களின் குழி வீடுகளும் வழவழப்பான கோடரிகளும் வெளியே வந்தன. அந்தக் கோடரியைக் கையில் எடுத்தால் குழப்பமே வராது. பெரும்பாலும் டோலரைட் போன்ற கனமான, கருமையான, நெருக்கமான மணி, அதாவது பொடித்துகள், கொண்ட கல். முக்கோணம் போல ஒரு பக்கம் குறுகி, மறுபக்கம் அகன்று வெட்டும் வாய் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அவரைக்கொட்டை மாதிரி இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். இதைத்தான் கவனிக்க வேண்டும்: கோடரியில் வழவழப்பான முகம் வெளியே புடைத்திருக்கும், தீட்டுக்கல்லில் வழவழப்பான முகம் உள்ளே குழிந்திருக்கும். தேய்க்கப்பட்ட பொருள் உருண்டு திரளும், தேய்த்த பொருள் பள்ளமாகும். உங்கள் கல்லின் மேல் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது கோடரி இல்லை.

செய்தித்தாள்களில் பழைய கற்காலக் கைக்கோடரியையும் இந்தக் கோடரியையும் ஒன்றாகவே எழுதிவிடுகிறார்கள். அதனாலும் குழப்பம் வருகிறது. ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் எடுத்தது பழைய கற்காலக் கருவி. அது செதுக்கிச் செய்தது, தேய்த்துச் செய்தது இல்லை. அதன் உடம்பெல்லாம் சில்லு பெயர்ந்த வடுக்கள் இருக்கும். புதிய கற்காலத்தில் செதுக்கி, கொத்தி, அதற்கப்புறம் தேய்த்தார்கள். அதனால் நல்ல கோடரியில்கூட வாய்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். பின்பக்கம் போகப்போக, தேய்ப்பு எட்டாத பழைய சில்லு வடுக்கள் அம்மைத் தழும்பு போலத் தெரியும். அந்த வரிசை தெரிகிறதா என்று தேடுங்கள்.

இரண்டாவது வகையை யாரும் வீட்டுக்குத் தூக்கிவர முடியாது. அது பாறை. கோடரியைத் தேய்த்துத் தேய்த்துப் பாறையிலேயே பள்ளம் விழுந்திருக்கும். அகலமாய் ஆழமின்றி இருந்தால் கோடரியின் உடம்பைத் தேய்த்தது. ஒடுக்கமாய், படகின் அடிப்பகுதி மாதிரி இருந்தால் வாயைத் தீட்டியது. சுனை, ஓடை, பாறைக்குழி என்று தண்ணீர் நிற்கும் இடத்தை ஒட்டியே இவை இருக்கும். தண்ணீரும் மணலும் இல்லாமல் அந்த வேலை நடக்காது. தேய்ப்பது பாறை என்று தோன்றும், உண்மையில் தேய்ப்பது இடையில் போடும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ், நம் ஊரில் வெங்கச்சங்கல் என்கிறோமே அதன் தூள், டோலரைட்டைவிடக் கடினம். கர்நாடகத்தில் பெல்லாரி அருகே சங்கனகல்லு, குப்கல் குன்றுகளில் இதை முழுதாகப் பார்க்கலாம். குன்றில் கறுப்புச் சுவர் மாதிரி ஓடும் டோலரைட்டை உடைத்துக் கோடரி செய்திருக்கிறார்கள். சில்லுகளும் பாதியில் முறிந்துபோன கோடரிகளும் குவியல் குவியலாகக் கிடக்க, பக்கத்துப் பாறைகளில் தேய்ப்புப் பள்ளங்கள் இருக்கின்றன. உங்கள் வயலைச் சுற்றிப் பாறையோ ஓடையோ இருந்தால் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். உச்சிவெயிலில் இந்தப் பள்ளங்கள் கண்ணுக்கே தெரியாது. வெயில் சாயும்போது நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதுதான் உங்களுடையது.

தீட்டுக்கல்லை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் வயதான கொல்லர் ஒருவர் புளியமரத்தடியில் வேலை செய்வதை அரைநாள் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீளமான ஒரு மணற்கல்லைக் காலிடுக்கில் சாய்த்து வைத்திருந்தார். கொட்டாங்கச்சியில் தண்ணீர். வெட்டரிவாளைப் படுக்கவைத்து, தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது லேசு. நாலு இழுப்புக்கு ஒருமுறை சொட்டுத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் கல்லின் மேல் சாம்பல் நிறச் சேறு கட்டியது. அதை அவர் துடைக்கவே இல்லை. “அந்தச் சேறுதாங்க தீட்டுது, கல்லு சும்மா தாங்குது” என்றார். அரிவாளின் அடிமுதல் மூக்குவரை தீட்டி முடித்ததும் கல்லைப் புரட்டி, அதன் ஓரத்தில் மூக்கின் நுனியை மட்டும் வைத்து இரண்டு மூன்று முறை இழுத்தார். ஓரத்தில் மெல்லிய கோடு விழுந்தது. பக்கத்தில் அதே போல் பத்துப் பதினைந்து கோடுகள் ஏற்கெனவே இருந்தன.

அந்தக் கல்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நடுவில் பள்ளம், அவர் பிடித்திருந்த முனை மட்டும் புதுக்கல் போலத் தடிப்பாக இருந்தது. பள்ளமும் சரிநடுவில் இல்லை, வலப்பக்கம் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்தது. வலக்கைக்காரர். கல்லை இரண்டு பக்கமும் பயன்படுத்தியதால் நடுப்பகுதி மெலிந்து இடுப்பு விழுந்திருந்தது. “இது இன்னும் ரெண்டு வருஷம் தாங்காது, நடுவுல ஒடைஞ்சிரும்” என்றார். மண்ணுக்குள் கிடைக்கும் தீட்டுக்கற்களில் முழுசானவை ஏன் அபூர்வம் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. மெலிந்த இடத்தில்தான் முறியும், முறிந்ததைத்தான் வீசுவார்கள்.

உங்கள் படத்தில் இருப்பதும் அதேதான். இடுப்பு, முறிவு, ஓரக் கோடுகள். முறிவு பழையதா, ஜேசிபி வாளி பட்டு இப்போது முறிந்ததா என்பதை மட்டும் பாருங்கள். பழைய முறிவின் நிறமும் மேற்பரப்பின் நிறமும் ஒன்றாக இருக்கும். புது முறிவு வெளிர்நிறத்தில், கூர்மையாக இருக்கும். புதிது என்றால் மற்றத் துண்டு அந்த மண்குவியலிலேயே கிடக்கிறது, தேடுங்கள்.

வீட்டில் இன்னொரு சோதனை செய்யலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் அடியுங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. தீட்டுக்கல்லின் முகத்தில் நுண்கீறல்கள் எல்லாம் ஒரே போக்கில், நீளவாக்கிலோ சற்றுச் சாய்வாகவோ ஓடும். மண்ணில் உருண்ட கல்லில் கீறல் நாலா திசையிலும் போகும். ஜேசிபி பல்லோ ஏர்க்கொழுவோ பட்ட கீறல் தனியாக, ஆழமாக, வெளுப்பாக இருக்கும். பழைய பள்ளத்தின் மேலேயே குறுக்கே வெட்டிப் போயிருக்கும்.

அடுத்து கல்லின் தன்மை. கத்தியைக் கூராக்க, கத்தியின் எஃகைவிடக் கடினமான மணி அந்தக் கல்லில் இருக்க வேண்டும். அதனால்தான் மணற்கல், குவார்ட்சைட், மணி கலந்த பலகைப்பாறை ஆகியவற்றைத் தேடிப் பிடித்தார்கள். முறிந்த முனையில், தேய்ந்த முகத்தில் வேண்டவே வேண்டாம், ஒரு ஆணியால் மெல்லக் கீறுங்கள். ஆணி வழுக்கிக்கொண்டு உலோகக் கோட்டை விட்டுப் போனால் கல் கடினம். ஆணி கல்லுக்குள் இறங்கிப் பொடி வந்தால் அது மாவுக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ, எதையும் தீட்டாது. நகத்தாலேயே கீற முடிந்தால் பேச்சே இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கனிமத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் கொரண்டம் என்ற பெயர் குருந்தம் என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. குருந்தத் தூளை அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்ததுதான் பழைய சாணை. ஆகவே பெரியவர் சொன்ன சாணைக்கல் என்ற பேச்சு வழக்கில் தப்பில்லை என்றாலும், சாணை என்றால் சுழல்வது, தீட்டுக்கல் என்றால் நிற்பது. நடுவில் துளையோடு வட்டமான, பிசின் கட்டிய ஒரு துண்டு மண்ணில் கிடைத்தால் அதுதான் சாணை. அதைக் கழுவி உருக்குலைத்துவிடக் கூடாது. இரண்டு நிற அடுக்காக, செங்கல் மாதிரி ஒரே கனத்தில், உடைந்த இடத்தில் மினுமினுவென்று பொடிமணி தெரிந்தால் அது தொழிற்சாலையில் செய்த கார்பரண்டம் கல். கார்பரண்டமே 1890களில் வந்ததுதான். வயலில் அதுவும் கிடைக்கும், நிறையவே கிடைக்கும்.

வேறு எவை தீட்டுக்கல் மாதிரி ஏமாற்றும்? கூழாங்கல் முதலில். ஆறு எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி தேய்க்கும். கை தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் தேய்க்கும். அம்மித் துண்டும் ஏமாற்றும். அம்மியை வழவழப்பாக விட மாட்டார்கள், மழுங்கினால் உளி வைத்துக் கொத்துவார்கள். அந்தக் கொத்துப் புள்ளிகள் பள்ளத்துக்குள் தெரிந்தால் அது அடுக்களைக் கல். குழவித் துண்டு உருட்டிய வாக்கில் வளைந்திருக்கும். இரு நுனியிலும் பொரிந்து குழி விழுந்திருந்தால் அது தட்டுகல், சுத்தியலாகப் பயன்பட்டது. விரல் அகலத்துக்கும் குறைவான, சீரான வாய்க்கால் போன்ற வரிகள் இருந்தால் மாலையில் கோக்கும் மணியைத் தேய்த்த கல்லாக இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது உரைகல். பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் கல் சிறியது, செவ்வகமானது, கருமையானது, வழவழப்பானது. பார்த்தவுடன் யாரும் தீட்டுக்கல் என்றுதான் எழுதிவைப்பார்கள். செக் நாட்டுத் தொல்லியலாளர் மார்ட்டின் யெஜெக் ஐரோப்பியப் புதைகுழிகளில் கிடைத்து அருங்காட்சியகங்களில் தீட்டுக்கல் என்று சீட்டு ஒட்டிக் கிடந்த கற்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பலவற்றில் பொன், வெள்ளி, செம்பு, ஈயம் என்று உரசிய இழைகள் இருந்தன. கழுவாதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்ற பழைய துறைமுகப் பகுதியில் கிடைத்த ஒரு கல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் செவ்வகக் கல். அதில் தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு எழுத்து. பெரும்பதன் என்னும் பொற்கொல்லனுடைய உரைகல் என்று படிக்கிறார்கள். கடல் கடந்து தொழில் செய்யப் போனவன் தன் கல் தொலையக் கூடாது என்று பெயர் வெட்டிவைத்திருக்கிறான். எழுத்து மட்டும் இல்லையென்றால் அதையும் ஒரு தீட்டுக்கல் என்று ஓரமாய் வைத்திருப்பார்கள். உங்கள் கல்லில் பள்ளமும் இடுப்பும் இருப்பதால் அது உரைகல் இல்லை. உரைகல் அவ்வளவு தேயாது. ஆனாலும் எல்லா முகத்தையும் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள். யாராவது ஏதாவது கீறியிருக்கிறார்களா என்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

சரி, எவ்வளவு பழையது? கல்லை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று வருபவரை நம்பாதீர்கள். கோடரியின் உருவம் ஓரளவுக்குக் காலத்தைச் சொல்லும். தீட்டுக்கல்லின் உருவம் சொல்லாது, ஏனென்றால் அது மாறவே இல்லை. இரும்பு வந்த நாளிலிருந்து உங்கள் தாத்தா காலம்வரை அதே கல், அதே தண்ணீர், அதே பள்ளம். இரும்பு வந்த நாளும் இப்போது வெகுதூரம் பின்னால் போய்விட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு அதையும் தாண்டிய காலக்கணக்கு வெளியானது. ஆகவே உங்கள் கல் நாலாயிரம் வருஷத்துக் கல்லாகவும் இருக்கலாம், நூறு வருஷத்துக் கல்லாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது கல் கிடந்த மண்தான்.

இடம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக்குப் பின்னால் கன்று நடப் பள்ளம் தோண்டியபோது இரண்டு கற்கோடரிகள் கிடைத்தன. ஒன்றின் மேல் இருந்த குறிகளைச் சிந்துவெளி எழுத்து என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அதை ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு அந்தக் குறிகளுக்கு முன்னாலேயே வியப்பாக இருப்பது, அங்கே கல் இருந்தது என்பதே. காவிரிப் படுகையில் எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் மணலும்தான். அந்த மண்ணில் கையளவு கல் ஒன்று கிடந்தால் யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் செங்கம் பக்கம் அப்படி இல்லை, தடுக்கி விழுந்தால் கல். ஆனால் அந்தக் கற்கள் பெரும்பாலும் கருங்கல் வகை. உங்களுடையது மணற்கல் என்றால் அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான்.

இப்போது பானை ஓடுகள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பு மட்டும் கறுப்பு என்றால் அது இரும்புக்காலத்திலும் அதையடுத்த சங்க காலத்திலும் புழங்கிய பானை. நல்ல அறிகுறி. ஆனால் ஜேசிபி வாளி மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாக அள்ளிக் கொட்டிவிடும். ஒரே குவியலில் கிடந்ததால் ஒரே காலத்தவை என்று ஆகாது. கல் எந்த மட்டத்தில் இருந்தது, ஓடு எந்த மட்டத்தில் இருந்தது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் உங்கள் வீட்டில் இல்லை, வயலில் இருக்கிறது. குழாய் பதித்து மூடிவிட்டீர்களா? மூடவில்லை என்றால் நாளைக் காலையிலேயே போங்கள்.

தோண்டிய பள்ளத்தின் சுவரைக் கரண்டியால் மெல்ல வழித்துச் சுத்தம் செய்யுங்கள். மண் நிறம் எங்கெங்கே மாறுகிறது என்று தெரியும். சாம்பல் நிறப் பட்டை, கரித்துண்டு, இரும்புக் கசடு, சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஓடு ஆகியவற்றைத் தேடுங்கள். இரும்புக் கசடு கனமாய், குமிழ் குமிழாய், காய்ந்த வெல்லப்பாகு மாதிரி இருக்கும். அது கிடைத்தால் பக்கத்தில் உலை இருந்திருக்கிறது, உங்கள் தீட்டுக்கல்லுக்கு வீடு கிடைத்துவிட்டது. எதையும் சுவரிலிருந்து பிடுங்காதீர்கள். ஒரு ஸ்கேலோ டேப்போ பக்கத்தில் வைத்து, நேராக நின்று படம் எடுங்கள். செல்போனில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று தாளில் எழுதி, கல்லோடு சேர்த்துப் பையில் போடுங்கள். ஜேசிபி ஓட்டிய தம்பியிடமும் கேளுங்கள். கல் எந்த இடத்தில் வாளியில் தட்டியது என்று அவருக்குத்தான் நினைவிருக்கும்.

கிடைத்ததைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே இருக்கிறது. நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று ஊரில் பயம் காட்டுவார்கள். ஒரு தீட்டுக்கல்லுக்காக யாரும் வயலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள். சந்தையில் அதற்குப் பெரிய விலையும் இல்லை, இடம் தெரியாமல் கைமாறிய பிறகு அது வெறும் கல்.

மழை வரும்போல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மழை பெய்தால் அந்தச் சுவர் சரிந்துவிடும். விடிந்ததும் கிளம்புங்கள், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.